அய்யப்பன்தாங்கலில் யாரும் படம் எடுப்பதில்லை

நல்ல பறவைப் படம் என்று இன்று நம்மூரில் எதைச் சொல்கிறார்கள்? ஒரு மீன்கொத்தி குச்சியில் உட்கார்ந்திருக்கும். அலகில் மீன். பின்னணி முழுக்கப் பச்சை, வெண்ணெய் தடவியது போல. அந்தக் குச்சி எங்கே நடப்பட்டிருக்கிறது, அதற்குக் கீழே ஓடுவது தண்ணீரா சாக்கடையா, பத்தடி தள்ளி ஜேசிபி நிற்கிறதா, எதுவும் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் கலையாம். "பேக்ரவுண்ட் கிளீனா இருக்கணும் ப்ரோ" என்பது இந்தப் பொழுதுபோக்கில் நுழைகிற எவருக்கும் கிடைக்கும் முதல் உபதேசம். 

இரவு வானப் படத்துக்கும் கிட்டத்தட்ட இதே இலக்கணம். பால்வீதி நட்டநடுவில் நிமிர்ந்து நிற்க வேண்டும். கீழே ஒரு மரமோ மலையோ கோயிலோ கறுப்பு நிழலாக இருக்க வேண்டும். முடிந்தால் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு ஓர் ஆள் மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மயிலாப்பூர் கோபுரத்துக்கு மேல் பால்வீதி ஓடுகிற படத்தைக்கூட நான் பார்த்திருக்கிறேன். மயிலாப்பூரில் மொத்தமாக மின்வெட்டு வந்தாலும் அந்தப் படம் சாத்தியமில்லை. ஜவ்வாது மலையில் எடுத்த வானத்தை மென்பொருளில் வெட்டி ஒட்டியது. இப்போது அதற்கு ஒரே ஒரு பட்டனை அழுத்தினால் போதும். படத்துக்குக் கீழே நூற்றுக்கணக்கான இதயங்கள். "நம்ம சென்னையா இது!" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை அய்யா, உங்கள் சென்னை இது இல்லை.

நானும் கேமராக்காரன்தான். 150–600 லென்ஸ் என்னிடமும் இருக்கிறது, அதன் மாதத் தவணையும் இருந்தது. வார நாட்களில் கோடு எழுதி, வார இறுதியில் மூன்றரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்திருக்கிற கூட்டத்தில் ஒருவன். அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்தே இதைச் சொல்கிறேன்: நாம் எடுக்கிற அழகான படங்கள் நம் ஏரிகளுக்கும் வானத்துக்கும் எதிராக வேலை செய்கின்றன. படம் மோசமாக இருப்பதால் இல்லை. எது அழிந்துகொண்டிருக்கிறதோ அதைக் குறிபார்த்து வெட்டி எறிந்துவிடுவதால்.

நான் இருப்பது காட்டுப்பாக்கத்தில். போரூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே டிரங்க் ரோட்டில் இருக்கிறது. ஊர்ப் பெயரில் மட்டும் காடு. இப்போது சாலைக்கு மேலே மெட்ரோ மேம்பாலம் வேறு. பக்கத்து ஊர் அய்யப்பன்தாங்கல். 'தாங்கல்' என்றால் மழைநீரைத் தாங்கி நிறுத்தி வயலுக்கு விடுகிற சிறிய ஏரி. வேடந்தாங்கலில் இருக்கிறதே, அதே தாங்கல்தான். தொண்டை மண்டலம் முழுக்க இப்படித் தாங்கல் தாங்கலாகப் பெயர்கள் கிடக்கின்றன. பலவற்றில் பெயர் மட்டுமே மிச்சம். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் எங்கள் பகுதியிலிருந்து கிளம்புகிற கேமராப் பைகள் எல்லாம் போவது ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற வேடந்தாங்கலுக்கு. அவை அய்யப்பன்தாங்கல் ஏரியைத் தாண்டித்தான் போகின்றன. அங்கே யாரும் வண்டியை நிறுத்துவதில்லை.

ஏன் நிறுத்த வேண்டும், என்ன இருக்கிறது அங்கே என்று கேட்கலாம். ஆகாயத்தாமரை இருக்கிறது, பிளாஸ்டிக் இருக்கிறது, கரையை நெருங்கி வந்துவிட்ட வீடுகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே தாழைக்கோழி குஞ்சுகளோடு போகும். முக்குளிப்பான் முங்கி வேறெங்கோ எழும்பும். மடையான் ஒரு தெர்மாகோல் துண்டின் மேல் தியானத்தில் நிற்கும். குளிர்காலத்தில் மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். நத்தைகுத்தி நாரை இங்கேயும் நத்தை குத்துகிறது. வேடந்தாங்கலில் குத்தினால்தான் லென்ஸை எடுப்போம் என்பது நம் கொள்கை. கரையில் டீ குடிக்கிற பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார், "இன்னாபா, கொக்கயா எடுக்கற? இதுக்கா இவ்ளோ பெரிய கேமரா?" அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தக் கேமராவை அந்தக் கரையில் அவர் பார்த்ததே இல்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் மனை பிரித்துப் போட்ட ஒரு வெற்று லேஅவுட் உண்டு. கல் நட்டிருக்கிறார்கள், இன்னும் வீடு வரவில்லை. அதில் ஆள்காட்டிக் குருவி முட்டை வைக்கும். கூடு என்று ஒன்றும் பெரிதாக இருக்காது. தரையில் ஒரு சிறு பள்ளம், சுற்றிக் கொஞ்சம் ஜல்லிக் கல், நடுவே ஜல்லி போலவே புள்ளி போட்ட நான்கு முட்டைகள். வெயில் ஏறினால் தாய்ப்பறவை போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். சித்திரை வெயிலில் அது அரை மணி நேரம் எழுந்து நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நான் பார்த்த ஒரு காலையில் அந்த முட்டைகளைச் சுற்றி ஆறு பேர் குப்புறப் படுத்திருந்தார்கள். குருவி தலைக்கு மேல் பறந்து கத்திக்கொண்டே இருந்தது. ஆறு பேரும் கண்மட்டக் கோணத்தில் படமெடுத்தார்கள். அதுதான் பின்னணியைக் கரைக்கும். அவர்கள் எடுத்த படங்களை அப்புறம் பார்த்தேன். எல்லாவற்றிலும் மங்கலான பொன்னிற வெளியில் ஒரு குருவி. ஒன்றில்கூட மனைக்கல் இல்லை. அந்தப் பறவையைப் பற்றிச் சொல்வதற்கு இருந்த ஒரே முக்கியமான விஷயம் அந்தக் கல்தான். அதன்மேல் மனை எண் பெயின்டில் எழுதியிருந்தது. அடுத்த வருடம் அங்கே யார் வீட்டு வரவேற்பறை வரும் என்பதுவரை அதில் இருந்தது. அதை வெட்டிவிட்டார்கள்.

24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்து, பறவை இருக்கிற 4 மெகாபிக்சலை வைத்துக்கொண்டு மிச்சம் 20ஐத் தூக்கிப் போடுவது எங்கள் வழக்கம். நாள், மணி, நிமிடம் எல்லாம் கோப்புக்குள் பதிவாகியிருக்கும். இடத்தையும் சேர்த்துவிட்டால் ஓர் ஏரியின் வரலாற்றுக்கு அதைவிடக் கச்சிதமான ஆவணம் கிடையாது. பத்தாண்டுகளாக ஆயிரக்கணக்கான பேர் ஒவ்வொரு வாரமும் தமிழ்நாட்டு நீர்நிலைகளின் ஓரத்தில் இப்படி நிற்கிறார்கள். இத்தனை பேர் இத்தனை கண்ணாடிகளோடு நின்றும், ஒரு ஏரி எந்த மாதம் எந்தப் பக்கம் சுருங்கியது என்று காட்ட வரிசையாக நாலு படம் தேடினால் கிடைப்பது கடினம். மீன்கொத்தி மட்டும் நாலாயிரம் கிடைக்கும்.

"அழகைக் காட்டினால்தான் மக்களுக்கு அன்பு வரும், அன்பு வந்தால்தான் காப்பாற்றுவார்கள்" என்பது எங்கள் கூட்டத்தின் நிரந்தர பதில். கேட்க நன்றாக இருக்கிறது. நாங்கள் ஓடி ஓடிப் போகிற வேடந்தாங்கலின் கதையே இதற்கு எதிராக இருப்பதுதான் வேடிக்கை. 1790களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேசிடம் போய் முறையிட்டார்கள். அவர் பறவைகளைத் தொடக் கூடாது என்று கவுல் எழுதிக் கொடுத்தார். 1858இல் ஊரார் அதை மறுபடி கேட்டுப் புதுப்பித்துக்கொண்டார்கள். உலகத்தில் புகைப்படம் என்ற ஒன்று பொதுவெளிக்கு வந்ததே 1839இல்தான். முதல் கவுல் வாங்கியபோது அந்தப் பறவைகளை யாரும் படமெடுத்திருக்கவே முடியாது. ஊர்க்காரர்களுக்கு வேண்டியிருந்தது எரு. மரத்திலிருந்து விழும் எச்சம் ஏரித் தண்ணீரில் கரைந்து வயலுக்குப் போகும், நெல் நன்றாக விளையும். ஏரி, மரம், பறவை, மதகு, வயல், வயிறு என்று முழுச் சங்கிலியும் அவர்கள் கண்ணில் பட்டது. அதனால் காப்பாற்றினார்கள். எங்கள் படங்களில் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது, அதுவும் மிகக் கூர்மையாக.

2020இல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் எல்லையைச் சுருக்குகிற யோசனை வந்தது. சரணாலயம் என்பது ஏரி மட்டும் கிடையாது, அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை. அதை 3 கிலோமீட்டராக்கலாம் என்றார்கள். பெரிய எதிர்ப்பு வந்தது, நல்லவேளை. அந்த நாட்களில் எனக்குத் தெரிந்த சில படக்காரர்கள் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "ஏரியத் தொடலல்ல? அப்புறம் என்ன?" ஏரி 30 ஹெக்டேர் அளவு. அதில் கூடு கட்டுகிற பறவை எங்கே போய்த் தின்கிறது? அந்த 5 கிலோமீட்டருக்குள் இருக்கிற வயல்களிலும் சிறு தாங்கல்களிலும், அதையும் தாண்டியும். கண்காணிப்புக் கோபுரத்தில் நின்று எடுத்த எந்தப் படத்திலும் அந்த வயல்கள் இல்லை. படத்தில் இல்லாததால் அந்த நண்பர்கள் மனதிலும் இல்லை. அவர்கள் கெட்டவர்கள் கிடையாது. வருடக்கணக்காக ஒரே சட்டகத்தின் வழியாகப் பார்த்தால் ஓரம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

இனி வானம்.

சென்னையிலிருந்து நட்சத்திரப் படமெடுக்கப் போகிறவர்கள் ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் போகிறார்கள், காவலூர் பக்கம். 200 கிலோமீட்டருக்கும் மேல். "இங்க என்ன தெரியும், ஒண்ணும் தெரியாது" என்பார்கள். உண்மைதான். ஆனால் அது ஏதோ இயற்கையின் விதி போலச் சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. காட்டுப்பாக்கத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் நுங்கம்பாக்கம். அங்கே 1792இலிருந்து ஒரு வானாய்வகம் இருந்தது. 1861இல் நார்மன் போக்சன் அங்கிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து அதற்கு ஏசியா என்று பெயர் வைத்தார். 1867இல் அங்கே உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஆர் ரெட்டிகுலி என்கிற ஒளி மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அந்த நட்சத்திரம் தென்வானில் மிகவும் கீழே இருப்பது. நம் அட்சரேகையில் அது எவ்வளவு உயர ஏறினாலும் அடிவானத்துக்கு மேல் 14 பாகைதான். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் 10 பாகை. ஒன்றரை முஷ்டிகூட இல்லை. அந்த உயரத்தில் இன்று நுங்கம்பாக்கத்தில் என்ன இருக்கிறது என்று நீங்களே போய்ப் பார்க்கலாம். ஆய்வகத்தின் பழைய கருங்கல் தூண் வானிலை மையத்து வளாகத்தில் இன்னும் நிற்கிறது, தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து வெட்டியபடி. ரகுநாதாச்சாரி 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது சாதாரண ஜனங்களுக்குப் புரிய வேண்டுமென்று நம் மொழிகளில் சிறுநூல் போட்டவர். நம் இரவு வானப் படக்காரர்களில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? நம்மூர் வானத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பதே இந்தப் பொழுதுபோக்கில் எங்கும் சொல்லித்தரப்படுவதில்லை. ஐஎஸ்ஓ, 500 விதி, ஸ்டார் டிராக்கர் எல்லாம் சொல்லித்தருவார்கள்.

வானம் விஷயத்தில் நாம் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பால்வீதியின் மையம் லண்டனில் அடிவானத்தை ஒட்டி 10 பாகைக்குள் எழுந்து விழுந்துவிடும். நமக்கு அது 48 பாகை வரை ஏறுகிறது. மாசி பங்குனியில் விடியலுக்கு முன்னால், வைகாசியில் நள்ளிரவை ஒட்டி. அகத்தியர் நட்சத்திரத்தை ஐரோப்பாவில் பெரும்பாலோர் பார்க்கவே முடியாது. எங்கள் மொட்டைமாடியில் இத்தனை வெளிச்சத்திலும் அது தெரிகிறது. இவ்வளவு நல்ல இடத்தில் உட்கார்ந்துகொண்டு விளக்கை ஆகாயத்தை நோக்கித் திருப்பி வைத்திருக்கிறோம்.

இதில் ஒரு தொழில்நுட்ப விஷயம். முன்பு தெருவிளக்கு சோடியம் விளக்கு, மஞ்சளாக எரியும். அதன் வெளிச்சம் பெரும்பாலும் 589 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய பட்டையில் வரும். அதை மட்டும் வடிகட்டுகிற கண்ணாடி ஒன்றை லென்ஸுக்கு முன்னால் மாட்டினால் நகரத்திலும் ஓரளவுக்குச் சமாளிக்கலாம். வெள்ளை எல்இடி வந்த பிறகு அந்த வித்தை செல்லாது. அதன் வெளிச்சம் எல்லா நிறத்திலும் பரவியிருக்கிறது, நீலம் அதிகம். நீலம் காற்றில் அதிகமாகச் சிதறும். பகல் வானம் நீலமாக இருப்பதும் அதனால்தான். மின்சாரம் மிச்சமாகிறது என்பதால் முன்பு ஒரு விளக்கு இருந்த இடத்தில் இரண்டு போடுகிறோம். 2023இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, உலகமெங்கும் சாதாரண மக்கள் வெறுங்கண்ணால் பார்த்து அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான குறிப்புகளை வைத்து, 2011 முதல் 2022 வரை இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடியது என்று கணக்கிட்டது. 250 நட்சத்திரம் தெரிகிற ஊரில் பிறக்கிற குழந்தைக்குப் பதினெட்டு வயது ஆகும்போது 100 தெரியும். கவனியுங்கள், இந்த ஆய்வுக்குத் தரவு கொடுத்தவர்கள் யாரும் காவலூருக்கோ அதைப் போன்ற இடத்துக்கோ போய்ப் படமெடுத்து வந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. தங்கள் வீட்டு மாடியில் நின்று எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று உள்ளபடி எழுதி அனுப்பினால் போதும். மோசமான வானத்தில்தான் அந்தக் கணக்குக்கு மதிப்பு.

நம் வானியலே இடம் பெயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 1899இல் நுங்கம்பாக்கத்திலிருந்து கோடைக்கானலுக்குப் போனது வெளிச்சத்துக்குப் பயந்து அல்ல, சூரியனை ஆராய உயரமான இடம் வேண்டுமென்று. பிறகு வைணு பாப்பு 1960களின் கடைசியில் இருட்டும் தென்வானமும் தேடிக் காவலூருக்கு வந்தார். அவர் பெயரிலான 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே 1986இல் திறக்கப்பட்டது. அதே நிறுவனத்தின் அடுத்த பெரிய தொலைநோக்கி லடாக்கில், ஹான்லேவில், 4500 மீட்டர் உயரத்தில். கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா என்று நம் அரசும் அறிவித்திருக்கிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இருட்டுக்கென்று ஒரு பூங்கா ஒதுக்கிவிட்டால் மற்ற இடங்களில் எவ்வளவு வேண்டுமானாலும் வெளிச்சம் போடலாம் என்று ஆகிவிடாதா? பறவைக்கு வேடந்தாங்கல் ஒதுக்கிவிட்டு அய்யப்பன்தாங்கலைக் கைவிட்டது போல.

பறவைப் படமும் வானப் படமும் வெவ்வேறு பொழுதுபோக்குகள் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஒன்று அதிகாலை, ஒன்று நள்ளிரவு. லென்ஸ்கூட வேறு. ஆனால் இரண்டும் ஒரே விஷயம் என்று 1960களிலேயே ஒருவர் காட்டிவிட்டார். ஸ்டீவன் எம்லன் என்கிற அமெரிக்க ஆய்வாளர் இண்டிகோ பன்டிங் என்ற சின்னக் குருவிகளைக் கோளரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்தார். புனல் போன்ற கூண்டு, அடியில் மைத் தாள், சுற்றிலும் வெள்ளைத் தாள். வலசைக் காலத்தில் குருவி எந்தப் பக்கம் கிளம்ப எத்தனிக்கிறதோ அந்தப் பக்கம் மைக்கால் தடம் விழும். கோளரங்க வானத்தைத் திருப்பினால் தடமும் திரும்பியது. அடுத்து இன்னொன்று செய்தார். சில குஞ்சுகளை, திருவாதிரை நட்சத்திரத்தை மையமாக வைத்துச் சுழலும் ஒரு பொய் வானத்தின் கீழ் வளர்த்தார். அவை பெரிதானதும் திருவாதிரையைத்தான் வடக்கு என்று நம்பிக் கிளம்பின. ஆக, வானம் குஞ்சுக்குப் பிறக்கும்போதே தெரிந்துவிடுவதில்லை. இரவில் கூட்டிலிருந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. ஊரெல்லாம் நட்சத்திரங்களை அழித்துவிட்டால் அது எதைப் பார்த்துக் கற்கும்?

பொய் வானத்தின் கீழ் வளர்ந்த அந்தக் குஞ்சுகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்ஸ்டாகிராமில் படம் கற்றுக்கொள்கிற தம்பிகள் நினைவுக்கு வருகிறார்கள். சரி, விடுங்கள்.

2017இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் உலகப் புகழ்பெற்ற போட்டியில் ஒரு படம் பரிசு வாங்கியது. பிரேசில் நாட்டு எமாஸ் தேசியப் பூங்காவில் மார்சியோ கப்ரால் எடுத்தது. விண்மீன் நிறைந்த வானம், பூச்சிகளின் ஒளியில் மினுங்கும் கறையான் புற்று, அதை நோக்கி வரும் எறும்புண்ணி. வானமும் விலங்கும் ஒரே சட்டகத்தில். எங்கள் கூட்டத்தின் கனவே அப்படி ஒரு படம்தான். 2018 ஏப்ரலில், அந்த எறும்புண்ணி பஞ்சு அடைத்துப் பதப்படுத்திய பொம்மை என்று வல்லுநர்கள் முடிவுசெய்ததால் அருங்காட்சியகம் பரிசைத் திரும்பப் பெற்றது. அவர் மறுத்தார். பரிசு எந்தப் பிரிவில் தெரியுமா? விலங்குகள் தம் வாழிடத்தில் என்ற பிரிவில். இதை ஒரு தனிமனித மோசடியாக எழுதிவிட்டு எல்லோரும் கடந்துபோனார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அழகான படத்துக்கு உயிருள்ள விலங்கு தேவையில்லை என்பது அந்தப் பரிசிலேயே நிரூபணமாகிவிட்டது. நடுவர்கள் தேடிய அழகு பொம்மையாலும் கிடைத்தது.

"அப்ப குப்பையப் படமெடுத்துப் போடச் சொல்றியா?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். அவன் என்னைவிட நல்ல படக்காரன், எனக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன். "வாரம் பூரா ஆபீஸ்ல குப்பையத்தான்டா பாக்கறோம். ஒரு நாள் அழகா எதையாவது பாத்துட்டுப் போறேனே." இந்தக் கேள்வியை என்னால் லேசாகத் தள்ள முடியவில்லை. ஐந்து நாள் திரைமுன் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு காலை நேரம் வேண்டியிருக்கிறது. அதைக் குற்றம் என்று சொல்ல நான் யார்? நான் சொல்வது வேறு. குப்பையைத் தேடிப்போய்ப் படமெடுப்பதும் இன்னொரு வகை வெட்டல்தான், அங்கே தாழைக்கோழியை வெட்டிவிடுகிறார்கள். குஞ்சுகளோடு போகிற தாழைக்கோழியும் அதன் பின்னால் எழும்புகிற பில்லர்களும் ஒன்றாக இருக்கிற சட்டகம் ஒன்று இருக்கிறது. அது எடுக்கக் கஷ்டமான படம். கூர்மை எங்கே வைப்பது, வெளிச்சத்தை எப்படிச் சமாளிப்பது, கண் எங்கே முதலில் போக வேண்டும் என்று மண்டை காயும். 600இல் திறந்துவைத்துப் பின்னணியைக் கரைப்பதற்கு இந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கு போதும். கலை கலை என்கிறவர்கள் சுலபமான கலையை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

நம்மிடம் முன்மாதிரி இல்லாமலில்லை. மா. கிருஷ்ணன் சென்னைக்காரர், அ. மாதவையாவின் மகன். பல உதிரிபாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிய ஒரு கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்துக்கொண்டு, கடைசிவரை கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை இயற்கைப் பத்தி எழுதினார். 46 வருடம். அரிய பறவையைத் துரத்திக்கொண்டு ஓடிய எழுத்து இல்லை அது. வீட்டைச் சுற்றி வந்துபோகிற காக்கை, மைனா, அணில்கூட அவருக்கு எழுதப் போதுமானதாக இருந்தன. தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரனும் பெருமாள்முருகனும் தொகுத்திருக்கிறார்கள். கேமரா வாங்குகிற காசில் நூறில் ஒரு பங்குக்கு இந்தப் புத்தகங்கள் கிடைக்கும்.

இன்னும் பின்னால் போனால், பறவையை நிலத்திலிருந்து பிரித்துப் பார்க்கும் பழக்கமே தமிழுக்கு அந்நியம். தொல்காப்பியம் கருப்பொருள்களை அடுக்கும்போது புள்ளையும் உணவையும் மரத்தையும் மனிதர் செய்கிற தொழிலையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. நாரை வந்தால் கூடவே கழியும் உப்பங்காற்றும் மீன் காய்கிற வாடையும் வரும். வெண்ணெய்ப் பின்னணியில் தனியாக உட்கார்ந்திருக்கிற நாரைக்கு எந்தத் திணை?

2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் ஒரு குருவி தெருவிளக்கின் சுவிட்ச் பெட்டிக்குள் கூடு கட்டி முட்டையிட்டது. ஊர் கூடிப் பேசியது. சுவிட்சைத் தொட்டால் கூடு கலைந்துவிடும். ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெருவிளக்குகளைப் போடாமல் ஊரே இருட்டில் இருந்தது. எதிர்ப்பும் இருந்திருக்கிறது, ஒரு குருவிக்காகவா என்று. இருந்தாலும் குஞ்சு பறந்து போகிறவரை காத்திருந்தார்கள். அந்தச் செய்தியோடு வந்த படம் ஒரு பழைய பெட்டியும் வைக்கோலும் முட்டைகளுமாக இருந்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் சுமாரான படம். போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே போய்விடும். பறவையும் இருட்டும் ஒன்றாக இருக்கிற படம் என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஃபோகஸ் லைட் இருக்கிறது. 100 வாட் எல்இடி. பாதுகாப்புக்காக வைத்தது, பாதி வெளிச்சம் மேலே போகிறது. மேலே இருந்து யார் திருட வரப்போகிறார்கள் என்று செயலாளரிடம் கேட்டேன். "லைட்ட எடுக்க முடியாது தம்பி, எல்லாரும் சண்டைக்கு வருவாங்க" என்றார். எடுக்க வேண்டாம் சார், கொஞ்சம் கீழே சாய்த்து மேல்பக்கம் தகரத்தில் ஒரு மூடி போட்டால் போதும், தரைக்கு இன்னும் அதிக வெளிச்சம் வரும் என்று படம் வரைந்து காட்டினேன். அதே விளக்கை வைத்து மாதம் ஒரு அமாவாசை இரவில், ஒரே இடம், ஒரே லென்ஸ், ஒரே 20 விநாடியில், தெற்குப் பக்கம் பார்த்து ஒரு படம் எடுத்து வருகிறேன். வெட்டுவதில்லை. ஓரத்தில் மெட்ரோ தூணும் எதிர்க் கட்டடத்தின் விளம்பரப் பலகையும் இருக்கின்றன. இதுவரை பதினோரு படம் ஆகியிருக்கிறது. ஏரிக்கும் அப்படியே, கரையில் பிள்ளையார் கோயில் பக்கத்திலிருந்து ஒரே கோணம். பறவைக் கணக்கை ஈபேர்டில் போடுகிறேன். பொங்கல் விடுமுறையில் நடக்கிற பறவைக் கணக்கெடுப்புக்கு எங்கள் தெருப் பசங்கள் நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பைனாகுலர் ஒன்றுதான் இருக்கிறது.

தகர மூடிக்கு குமணன்சாவடி வெல்டிங் கடையில் 650 ரூபாய் கேட்டார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் வைக்கிறேன் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார்.